முதலில் சேமியுங்கள், பிறகு வடிகட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பக்கத்தில் வெளிவரும் கேள்வி-பதில் பகுதியைத் தொடர்ந்து படிக்கும் வாசகர் என்ற முறையில், அதில் அடிக்கடி இடம்பெறும் ஓர் ஆலோசனையைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் ஜன்னலில் கொடுத்த கட்டளை பாதியில் நின்றுவிட்டது என்று யாராவது கேட்டால், திரையில் தெரிவதைப் படம் எடுத்து அனுப்பும்படி பதில் சொல்லப்படுகிறது. படத்தைக் கேட்காமல், வெளியீட்டை உரைக் கோப்பாகச் சேமித்து அனுப்பச் சொல்ல வேண்டும் என்பதும், அதற்கான வழியை அந்தப் பக்கத்திலேயே கற்றுத்தர வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். சர்வர் பராமரிப்பு வேலையில் இருப்பதால், இந்த ஒரு பழக்கம் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வேறுபாட்டை அன்றாடம் பார்க்கிறேன்.

படத்தில் கிடைப்பது கடைசித் திரை மட்டுமே. ஆனால் பெரும்பாலான நிரல்களில் காரணம் முதலில் வருகிறது, புலம்பல் கடைசியில் வருகிறது. எழுதிய நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரை எடுத்துக்கொண்டால், எங்கோ ஓர் அடைப்புக்குறி விடுபட்டதைச் சுட்டும் முதல் வரிக்குப் பின்னால், அதன் விளைவாக எழுந்த பிழைகள் வரிசையாகக் கொட்டும்; திரையில் எஞ்சி நிற்பவை அந்த விளைவுகளே. மேலே நகர்ந்துபோனவற்றை டெர்மினல் ஓர் அளவுக்குத்தான் நினைவில் வைத்திருக்கும், ஜன்னலை மூடினால் அதுவும் போய்விடும். படத்தில் எதையும் தேட முடியாது, ஒரு வரியை வெட்டி எடுத்து இன்னோரிடத்தில் ஒட்ட முடியாது, நேற்றைய வெளியீட்டோடு இன்றையதை ஒப்பிட முடியாது. உரையாக இருந்தால் இவை அனைத்தும் முடியும்.

கட்டளைவரியைக் கற்றுத்தரும் பாடங்கள் வழக்கமாக ஒரே வரிசையில் செல்கின்றன: முதலில் கோப்பைத் திறந்து பார்ப்பது, அடுத்து வேண்டியதை வடிகட்டுவது, கடைசியாக, நேரம் இருந்தால், முடிவைச் சேமிப்பது. கற்பதற்கு இது எளிதாக இருக்கலாம். வேலைக்கு இது தலைகீழ் என்பது என் கருத்து. கோப்பாக ஏற்கெனவே இருப்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் ஒரு கட்டளை அந்தக் கணத்தில் உமிழும் வெளியீடு அப்படியல்ல. மூன்று மணி நேரம் ஓடிய பேக்கப் வேலையை இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பது எளிதன்று. ஓட்டினாலும் அதே பிழை வரும் என்ற உறுதியில்லை. ஆகவே முழு வெளியீட்டையும் தொடாமல் முதலில் கோப்பில் ஏற்றிவிட்டு, அதன் பிறகே வடிகட்ட வேண்டும். வடிகட்டி என்பது நாம் வேண்டாம் என்று நினைப்பதைத் தூக்கி எறிவது. எது வேண்டாதது என்று தெரிவதற்கு முன்பே எறிவதில்தான் ஆபத்து.

ஓர் எடுத்துக்காட்டு. லினக்ஸில் டார் கட்டளையைக் கொண்டு ஒரு பெரிய கோப்புறையைப் பொதியாக்கும்போது வட்டில் இடம் தீர்ந்துபோனால், ‘எழுத முடியவில்லை: சாதனத்தில் இடம் இல்லை’ என்ற பொருளில் ஒரு வரியும், அதையடுத்து ‘இந்தப் பிழையிலிருந்து மீள முடியாது, வெளியேறுகிறேன்’ என்ற பொருளில் இன்னொரு வரியும் வரும். ஆங்கிலத்தில் வரும் அந்த இரண்டாவது வரியில்தான் ‘எர்ரர்’ என்ற சொல் இருக்கிறது, அதுவும் பெரிய எழுத்தில் தொடங்குகிறது. ஒரு சொல் உள்ள வரிகளைத் தேடித் தரும் கிரெப் கட்டளையில் சிறிய எழுத்தில் ‘எர்ரர்’ என்று தேடினால் எதுவும் கிடைக்காது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாத ‘மைனஸ் ஐ’ சேர்த்துத் தேடினால் மீள முடியாது என்ற வரி மட்டும் கிடைக்கும். வட்டு நிரம்பியதுதான் காரணம் என்று சொல்லும் வரி இரண்டு தேடலிலும் சிக்காது. முழு வெளியீடும் கோப்பில் இருந்தால், ‘மைனஸ் சி 3’ என்று கொடுத்து, பொருந்திய வரிக்கு முன்னும் பின்னும் மும்மூன்று வரிகளைச் சேர்த்துக் கேட்டாலே போதும், காரணம் கண்ணில் படும். இங்கே ‘சி’ பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சிறிய ‘சி’ கொடுத்தால் எத்தனை வரிகள் பொருந்தின என்ற எண்ணிக்கைதான் வரும்.

இனி, சேமிக்கும் முறை. ‘கட்டளை > கோப்பு’ என்று எழுதினால் வெளியீடு திரைக்கு வராமல் கோப்புக்குப் போகும் என்பது பலருக்குத் தெரியும். அந்தக் கோப்பில் ஏற்கெனவே இருந்தது எச்சரிக்கை ஏதுமின்றி அழிந்துவிடும் என்பதும், அழிக்காமல் கடைசியில் சேர்க்க ‘>>’ போட வேண்டும் என்பதும் அதே அளவுக்குத் தெரிந்திருப்பதில்லை. இன்னும் நுட்பமான ஒரு பொறி உண்டு. ஒரு பட்டியலை வரிசைப்படுத்தி அதே கோப்பில் வைக்க எண்ணி ‘சார்ட் பட்டியல் > பட்டியல்’ என்று கொடுத்தால் பட்டியல் காலியாகிவிடும். அந்த ‘>’ குறியைக் கவனித்துக்கொள்வது வரிசைப்படுத்தும் சார்ட் அல்ல, நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல். அது சார்ட்டைத் தொடங்குவதற்கு முன்பே கோப்பைத் திறந்து வெறுமையாக்கிவிடுகிறது. சார்ட் வந்து படிக்கும்போது அங்கே ஒன்றும் மிஞ்சியிருப்பதில்லை. சார்ட்டின் ‘மைனஸ் ஓ’ என்ற வசதி இந்தத் தேவைக்காகவே இருக்கிறது. லினக்ஸில் பரவலாகப் புழங்கும் பாஷ் ஷெல்லில் ‘நோக்ளாபர்’ என்ற அமைப்பை இயக்கி வைத்தால், இருக்கும் கோப்பின்மேல் ‘>’ எழுத ஷெல் மறுத்துவிடும். புதிதாகக் கற்பவர்கள் அனைவரும் முதல் நாளிலேயே அதைச் செய்துகொள்வது நல்லது என்பேன்.

இவ்வளவு செய்த பிறகும் பலர் திகைப்பது ஓரிடத்தில்: கோப்பில் சேமித்தாயிற்று, ஆனால் பிழைச் செய்தி மட்டும் கோப்பில் இல்லாமல் திரையில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு நிரலுக்கும் வெளியே போகும் வழிகள் இரண்டு. எண் 1 வழக்கமான வெளியீட்டுக்கு, எண் 2 பிழைச் செய்திக்கு. வெறும் ‘>’ திருப்பிவிடுவது முதல் வழியை மட்டுமே. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் உருவான 1970களில் இந்தப் பிரிவினை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்துக்கு அனுப்பிய வெளியீட்டில் பிழைச் செய்திகளும் கலந்து, அவையும் அழகாக அச்சுக் கோக்கப்பட்டு வெளிவந்து தாள்கள் வீணானபோது, பிழைகளுக்குத் தனி வழி வேண்டும் என்று யூனிக்ஸை உருவாக்கிய பெல் ஆய்வகத்தினர் முடிவெடுத்தார்கள். அச்சுத் தொழிலோடு தொடர்புடைய தங்களுக்கு இது சுவையாக இருக்கும் என்பதால் குறிப்பிடுகிறேன். இரண்டையும் ஒரே கோப்பில் சேர்க்க ‘கட்டளை > கோப்பு 2>&1’ என்று எழுத வேண்டும். வரிசை முக்கியம்: ஷெல் இடமிருந்து வலமாகப் படிப்பதால், ‘2>&1’ முன்னால் வந்தால், எண் 1 அப்போது எங்கே சுட்டுகிறதோ அந்தத் திரைக்கே பிழைகளும் போகும்; கோப்புக்கு வராது.

திரையிலும் பார்க்க வேண்டும், கோப்பிலும் இருக்க வேண்டும் என்றால் டீ கட்டளை இருக்கிறது. ‘கட்டளை 2>&1 | டீ பதிவு’ என்று கொடுத்தால் வருவதைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே கோப்பிலும் ஏற்றலாம். நடுவில் உள்ள ‘|’ குறி, முன்னால் இருப்பதன் வெளியீட்டைப் பின்னால் இருப்பதற்கு உள்ளீடாகக் கொடுப்பது. டீயோடு ‘மைனஸ் ஏ’ சேர்த்தால் பழையதை அழிக்காமல் தொடரும். வாசகர் ஒருவருக்கு ஒரே ஒரு வரியைத்தான் கற்றுத்தர முடியும் என்றால் நான் தேர்ந்தெடுப்பது இந்த வரியையே. ஒரு சிறு குறை உண்டு: இப்படிச் சங்கிலியாக எழுதும்போது ஷெல்லுக்குக் கிடைக்கும் வெற்றி-தோல்வி நிலை கடைசியில் இருக்கும் டீயினுடையது, முன்னால் இருக்கும் கட்டளை தோற்றிருந்தாலும் எல்லாம் நலம் என்றே தோன்றும். தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளில் இதை எழுதுவோர், சங்கிலியில் எது தோற்றாலும் தோல்வி என்றே காட்டும் பாஷின் ‘பைப்ஃபெயில்’ அமைப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒற்றைக் கட்டளையை மட்டுமின்றி, தட்டச்சு செய்தது உட்பட ஓர் அமர்வு முழுவதையும் பதிவுசெய்ய ‘ஸ்கிரிப்ட்’ என்றே ஒரு கட்டளை உண்டு. கடைசியில் ‘எக்ஸிட்’ கொடுத்தால் கோப்பு தயாராக இருக்கும்.

பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட கோப்பை கேட் கட்டளையால் திரையில் கொட்டுவது வீண் வேலை. 1978இல் பெர்க்லியில் டேனியல் ஹால்பர்ட் எழுதிய மோர் கட்டளை, பக்கம் பக்கமாக நிறுத்திக் காட்டியது. 1980களில் மார்க் நூடல்மன் எழுதிய லெஸ், பின்னோக்கியும் நகர விட்டது. இன்று லெஸ்ஸே போதும். சாய்கோடு தட்டித் தேடலாம், ‘என்’ தட்டி அடுத்த பொருத்தத்துக்குப் போகலாம், பெரிய ‘ஜி’ தட்டிக் கடைசிக்குத் தாவலாம், ‘க்யூ’ தட்டி வெளியேறலாம். ‘&’ தட்டி ஒரு சொல்லைக் கொடுத்தால் அது உள்ள வரிகளை மட்டும் காட்டும் வசதியும் லெஸ்ஸில் இருக்கிறது, ஏனோ அதைப் பலர் அறிவதில்லை. கோப்பைத் தொடாமல் பார்வையை மட்டும் வடிகட்டுவதால் எனக்கு அது மிகவும் பிடித்தமானது. சர்வர் தன் நிகழ்வுகளை எழுதிக்கொண்டே இருக்கும் லாக் கோப்பைத் தொடர்ந்து பார்க்க ‘டெயில் மைனஸ் எஃப்’ இருக்கிறது. சர்வர் பழைய லாக்கைப் பெயர் மாற்றிவிட்டுப் புதியதைத் தொடங்கினால் சிறிய ‘எஃப்’ பழைய கோப்பையே பார்த்துக்கொண்டு நிற்கும், பெரிய ‘எஃப்’ புதியதற்கு மாறிக்கொள்ளும்.

வடிகட்டுதலுக்கு வருகிறேன். ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலின் உள்ளீடாக இணைக்க வேண்டும் என்று பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964ஆம் ஆண்டிலேயே ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயில் வேண்டியபோது இன்னொரு துண்டைத் திருகிச் சேர்ப்பதுபோல நிரல்களைச் சேர்க்க முடிய வேண்டும் என்பது அவர் சொன்ன உவமை. 1973இல் கென் தாம்ப்சன் யூனிக்ஸில் அதைச் செய்து காட்டினார். கிரெப்பும் அவர் எழுதியதே. அக்காலத்து எடிட்டரில் கோப்பு முழுவதும் ஒரு கோலத்தைத் தேடி, பொருந்தும் வரிகளை அச்சிடும் கட்டளை ஏற்கெனவே இருந்தது. ஆனால் பழைய கட்டுரைத் தொகுதி ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்த லீ மக்மஹோனுக்கு, அந்தத் தொகுதி எடிட்டரின் நினைவகத்துக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாக இருந்தது. தேடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, வரிவரியாகப் படிக்கும் தனி நிரலாக தாம்ப்சன் மாற்றினார். எவ்வளவு பெரிய கோப்பானாலும் கிரெப் தயங்காமல் போவதற்கு இந்தப் பிறப்பே காரணம்.

வடிகட்டிகளைக் கோத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு வரி காட்டுகிறேன். வலைத்தளம் ஒன்றின் அணுகல் பதிவில், பரவலாகப் புழங்கும் வடிவத்தில், ஒவ்வொரு வரியின் முதல் சொல் வருகையாளரின் ஐபி முகவரி. வரிகளிலிருந்து முதல் சொல்லை மட்டும் கட் கட்டளையால் வெட்டி எடுத்து, ‘சார்ட் | யுனிக் மைனஸ் சி | சார்ட் மைனஸ் என்ஆர் | ஹெட்’ என்று தொடர்ந்தால், எந்த முகவரி எத்தனை முறை வந்தது என்ற கணக்கில் முதல் பத்தும் இறங்குவரிசையில் நிற்கும். சர்வர் ஏன் திணறுகிறது என்ற கேள்விக்குப் பல நேரம் இதன் முதல் வரியே விடை. இதில் முதல் சார்ட்டை விட்டுவிட்டால் கணக்கு தவறாகிவிடும். யுனிக் அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரியான வரிகளைத்தான் ஒன்றாக்குமே தவிர, கோப்பில் தள்ளித் தள்ளி இருப்பவற்றைக் கண்டுகொள்ளாது. பிழை என்று எதுவும் சொல்லாமல் தவறான எண்ணைத் தந்துவிடும் என்பதால் இதைக் கற்பிக்கும்போது அழுத்திச் சொல்ல வேண்டும். சலிப்பூட்டும் வரிகளை நீக்கிப் பார்க்க ‘கிரெப் மைனஸ் வி’ இருக்கிறது. என் அனுபவத்தில், தேடுவது என்னவென்று தெரியாதபோது, தெரிந்தவற்றை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போவதுதான் விரைவான வழி. அதையும் சேமித்த கோப்பின்மேல் செய்ய வேண்டும்.

தமிழ் உரையோடு இந்தக் கட்டளைகளைப் பயன்படுத்துவோர் அறிய வேண்டிய சில செய்திகளை ஆங்கில வழி பாடங்கள் சொல்வதே இல்லை. தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992இல் வடிவமைத்த, எழுத்துகளைக் கணினியில் பதியும் முறையான யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகள். ‘தமிழ்’ என்ற சொல் நம் கணக்கில் மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில், இகரக் கொக்கியும் புள்ளியும் தனித்தனி என்பதால், ஐந்து குறிகள். பைட்டுக் கணக்கில் 15. எண்ணிக்கை சொல்லும் டபிள்யூசி கட்டளையின் ‘மைனஸ் எம்’ ஐந்து என்றும் ‘மைனஸ் சி’ பதினைந்து என்றும் சொல்லும், வரி முடிவு இருந்தால் அதற்கும் ஒன்று கூடும்; மூன்று என்று சொல்லாது. லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனூ தொகுப்பின் கட் கட்டளை ‘மைனஸ் சி’ என்று எழுத்தைக் கேட்டாலும் நெடுங்காலமாகப் பைட்டுகளையே வெட்டி வந்திருப்பதால், தமிழ் வரியில் பாதி எழுத்து சிதைந்து நிற்கும். வரிசைப்படுத்துவதிலும் கவனம் வேண்டும். மொழிக்கும் வட்டாரத்துக்குமான அமைப்பாகிய லோகேலை ‘சி’ என்று வைத்து சார்ட் செய்தால் பைட்டு வரிசையில் ‘பழம்’ முன்னாலும் ‘பவளம்’ பின்னாலும் வரும், ஏனெனில் யூனிகோடு அட்டவணையில் ழகரத்துக்குப் பிறகே வகரம் இருக்கிறது. அகராதி முறையில் வேண்டுமானால் தமிழுக்குரிய லோகேலை அமைத்துக்கொள்ள வேண்டும்.

விண்டோஸில் இருப்பவர்களுக்கும் இவை பொருந்தும். 2006இல் விண்டோஸுக்கான ஷெல்லாக வெளிவந்த பவர்ஷெல்லில் டீக்கு இணையான ‘டீ-ஆப்ஜெக்ட்’ இருக்கிறது, ‘>’ குறியும் இருக்கிறது. ஆனால் விண்டோஸோடு வரும் 5.1 பதிப்பில் ‘>’ போட்டால் கோப்பு யுடிஎஃப்-16 குறியாக்கத்தில் எழுதப்படுகிறது. அதை லினக்ஸுக்குக் கொண்டுபோய் கிரெப் செய்தால், கண்ணுக்குத் தெரியும் சொல்லும் கிடைக்காமல் போகும். பவர்ஷெல் 7இல் இயல்பாகவே யுடிஎஃப்-8 என்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

இவற்றையெல்லாம் கற்கத் தேவையில்லை, பிழையை ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் போதும் என்று சிலர் சொல்லக்கூடும். அந்தச் செயலிக்கும் எதையாவது கொடுத்துத்தான் கேட்க வேண்டும். கடைசித் திரையின் படத்தைக் கொடுத்தால் அது கடைசித் திரையைப் பற்றித்தான் பேசும். இதைவிடக் கவனிக்க வேண்டியது தனியுரிமை பற்றிய கேள்வி. சேமித்த பதிவில் கடவுச்சொல், பயனர் பெயர், சர்வர் முகவரி ஆகியவை சிக்கியிருக்கலாம். வெளியாருக்கு அனுப்புமுன் லெஸ்ஸில் திறந்து தேடிப் பார்த்து, உரையில் சொற்களைத் தேடி மாற்றும் செட் கட்டளையால் அவற்றை மாற்றிவிட்ட நகலையே அனுப்ப வேண்டும். மூலக் கோப்பு நம்மிடம் அப்படியே இருக்கட்டும். உரைக் கோப்பில் எத்தனை இடத்தில் வந்திருந்தாலும் ஒரே கட்டளையில் இது முடிந்துவிடும். படத்தில் ஒவ்வோர் இடமாகத் தேடி மறைக்க வேண்டியிருக்கும்.

ஆகவே தங்கள் கணினிப் பக்கத்தின் பொறுப்பாளர்களுக்கு மூன்று கோரிக்கைகள். கேள்வி அனுப்பும் முறையை விளக்கும் பெட்டிச் செய்தியில், படத்துக்குப் பதிலாக ‘கட்டளை 2>&1 | டீ பதிவு’ என்ற வரியை அச்சிட்டு, அதில் உருவாகும் கோப்பை இணைக்கச் சொல்லுங்கள். கட்டளை எந்த இயங்குதளத்தில் கொடுக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். கோப்புக்குள்ளேயே மாற்றிவிடும் செட்டின் ‘மைனஸ் ஐ’ போன்ற வசதிகள் லினக்ஸில் ஒரு விதமாகவும் மேக்கில் வேறு விதமாகவும் நடந்துகொள்வதால், இது தெரியாமல் தரப்படும் பதில் பாதிப் பேருக்குப் பயன்படாது. பதிலை வெளியிடும்போது, வாசகர் அனுப்பிய பதிவிலிருந்து காரணத்தைக் காட்டிய அந்த ஓரிரு வரிகளையும், எந்த வடிகட்டியால் அவை அகப்பட்டன என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்